ஐந்து கறுப்புக் கட்டை

கீரனூரில் ஷீபாவைத் தெரியாதவர்கள் உண்டு. அவள் கீபோர்டைக் கேட்காதவர்கள் கிடையாது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சர்ச்சின் ஒலிபெருக்கி அப்படி. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடையில் நிற்கிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், அவள் வாசிப்பைக் கேட்டுக்கொண்டேதான் வடையைக் கடித்தாக வேண்டும். கந்தர்வகோட்டைப் பக்கத்திலிருந்து வெற்றிசெல்வனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்த மறுவாரமே அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவள், பதினைந்து வருஷமாக எழுந்திருக்கவில்லை. பிரசவத்துக்குப் போன மூன்று மாதத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

அவளுடைய கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், போதகர் எந்த ஸ்கேலில் பாட்டை எடுத்தாலும் இரண்டே வார்த்தைக்குள் பிடித்துவிடுவாள். போதகருக்கு ஸ்கேல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஜெபத்தின் நடுவில் கண்ணை மூடியபடி திடீரென்று பாட ஆரம்பித்துவிடுவார். ஷீபாவின் இடது கை கீபோர்டின் மேல் வரிசையில் இருக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனுக்குப் போகும். அதை ஒரு தடவை அமுக்கினால் கீபோர்டின் மொத்தச் சத்தமும் அரை ஸ்வரம் மேலே ஏறும். இரண்டு தடவை அமுக்கினால் இன்னும் அரை. கை என்னவோ எப்போதும் போல அதே வெள்ளைக் கட்டைகளில்தான் இருக்கும். சத்தம் மட்டும் போதகர் பாடும் ஸ்கேலில் வரும். அவருடைய தொண்டை பெரும்பாலும் 'ஒன்று ஏற்றி' உட்காரும் தொண்டை. அந்த வட்டாரத்தில் கீபோர்டு வாசிக்கிற எல்லோரும் இப்படித்தான் வாசிக்கிறார்கள். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

வாரநாட்களில் அவள் புதுக்கோட்டை ரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் மியூசிக் டீச்சர். டீச்சர் என்றால் தற்காலிகம். ஆறு வருஷமாகத் தற்காலிகம். பிரின்சிபால் கௌசல்யா மேடம் திருமயம் பக்கத்துக்காரர். நல்லவர்தான், ஆனால் பேப்பர் இல்லாமல் ஒரு துரும்பையும் நகர்த்தமாட்டார். போன டிசம்பரில் ஷீபாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஷீபா, வர்ற வருஷம் மியூசிக் போஸ்ட்ட பெர்மனென்ட் ஆக்குறோம். அந்த லண்டன் பியானோ எக்ஸாம்ல ஆறாம் கிரேடு சர்டிபிகேட் வேணும்னு மேனேஜ்மென்ட் சொல்லிருச்சு. ஜூலைக்குள்ள கொண்டாந்துட்டீங்கன்னா ஒங்களுக்குத்தான். இல்லன்னா வெளிய இருந்து ஆள் எடுப்பாங்க. அப்பறம் என்னயக் குத்தம் சொல்லக்கூடாது."

அன்றைக்கு ஆரம்பித்தது குழப்பம்.

திருச்சி தில்லை நகரில் பியானோ சொல்லித்தரும் வைஷ்ணவியை ஷீபா கண்டுபிடித்தாள். வைஷ்ணவிக்கு இருபத்தாறு வயது, இவளைவிடப் பத்து வயது சின்னவள். எட்டுக் கிரேடும் முடித்துவிட்டு டிப்ளமோவும் வைத்திருந்தாள். ஷீபா அவளை 'மிஸ்' என்றாள். வைஷ்ணவி இவளை 'அக்கா' என்றாள். சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் இருப்பதால் பாடம் போனில்தான். ஷீபா சமையல்கட்டு மேடையில் எவர்சில்வர் டம்ளரில் போனைச் சாய்த்துவைப்பாள். திரையில் அவள் முகமும் பின்னால் மிக்ஸியும் தெரியும். வாசித்ததைப் பதிவு செய்து வாட்ஸப்பில் அனுப்புவாள். கை எங்கே போகிறது என்று வைஷ்ணவி ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவும் இல்லை.

தேர்வுக்கு மூன்று உருப்படி. முதல் இரண்டில் சிக்கல் இல்லை. அவை ஒரே ஒரு கறுப்புக் கட்டை வருகிற, கணக்காக நடக்கிற உருப்படிகள். மூன்றாவது, ரொமான்டிக் காலம் என்கிறார்களே, நூற்றைம்பது இருநூறு வருஷத்துக்கு முந்திய ஐரோப்பாவின் உருப்படியாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பன்னிரண்டு இருந்தன. படகுப் பாட்டு என்று ஒன்று. இடது கை தண்ணீர் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. தாலாட்டு ஒன்று, வேட்டை ஒன்று, வால்ட்ஸ் என்கிற ஆட்டப் பாட்டு இரண்டு, நாக்டர்ன் என்று இரவுக்காக எழுதியது ஒன்று. எல்லாவற்றையும் யூடியூபில் கேட்டாள். கேட்கக் கேட்க ஒன்றும் பிடிபடவில்லை.

"மிஸ், இதுக்கெல்லாம் வார்த்தையே இல்லையே. எந்த எடத்துல உருகணும், எந்த எடத்துல சந்தோஷப்படணும்னு எப்புடித் தெரியும்?" என்று கேட்டாள்.

"அதுதான்க்கா ரொமான்டிக். நீங்களாத்தான் கண்டுபிடிக்கணும்."

"தப்பா கண்டுபிடிச்சுட்டா?"

"தப்புன்னு ஒன்னும் இல்ல. ஆனா சரியா இருக்கணும்," என்றாள் வைஷ்ணவி. இதைக் கேட்டு யாருக்குத் தலை சுற்றாது!

கடைசியில் ஷீபா நாக்டர்னை எடுத்தாள். எழுதியவர் பெயர் அவள் வாயில் நுழையாத ஒரு ஜெர்மன்காரர். அதை எடுத்ததற்குக் காரணம், முதல் வரியைக் கேட்டதும் போதகர் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்தின்போது மெதுவாக முனகுகிற சுருதி அவளுக்கு நினைவு வந்தது. ஒன்று ஏற்றி. நோட்டைத் திறந்தால் வரிசை ஆரம்பத்திலேயே ஐந்து ஃப்ளாட் குறி. அதாவது ஐந்து கறுப்புக் கட்டைகளையும் அழுத்தி வாசிக்க வேண்டிய ஸ்கேல். ஷீபாவுக்கு அந்த ஜெர்மன்காரர்மேல் பரிதாபம் வந்தது. பாவம், அந்தக் காலத்தில் பட்டன் இல்லை, மனுஷன் இத்தனை கறுப்பைத் தூக்கிச் சுமந்திருக்கிறார் என்று நினைத்தாள். ரூல் நோட்டு ஒன்றில் முழு உருப்படியையும் வெள்ளைக் கட்டைக்கு மாற்றி எழுதினாள். எழுதவே பதினோரு நாள் ஆயிற்று. பிறகு பட்டனில் ஒன்று ஏற்றிவைத்து வாசித்துப் பழகினாள். வைஷ்ணவிக்குப் போன பதிவில் ஸ்வரம் எல்லாம் அச்சு அசலாக இருந்தது. "சூப்பர்க்கா, ஸ்கேல் சுத்தமா இருக்கு. கொஞ்சம் மூச்சு விட்டு வாசிங்க," என்று பதில் வந்தது. இப்படியே மூன்று மாதம் போயிற்று.

தேர்வு மே மாதக் கடைசியில். ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி, நிஜப் பியானோவில் ஒரு முறை வாசித்துப் பார்த்துவிடலாம் என்று வைஷ்ணவி கூப்பிட்டாள். ஷீபா காலை பஸ்ஸைப் பிடித்துப் போனாள். பியானோ என்ற அந்த மர அலமாரிக்கு முன்னால் அவள் உட்கார்ந்தது வாழ்நாளில் அதுவே முதல் முறை. முதல் இரண்டு உருப்படியும் நன்றாகவே வந்தன. மூன்றாவதற்கு அவள் மூடியைத் தடவினாள். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். குனிந்து கீழேயும் பார்த்தாள்.

"என்னக்கா தேடுறீங்க?"

"பட்டன் எங்கிட்டு இருக்கு மிஸ்?"

"என்ன பட்டன்?"

"ஒன்னு ஏத்தணுமே."

வைஷ்ணவிக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலில் சிரித்தாள். ரூல் நோட்டைப் புரட்டிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஐயோ அக்கா," என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "இதுல அதெல்லாம் கெடையாது. இது கம்பியும் மரமும். நீங்க வெள்ளையில வாசிச்சா வேற ஸ்கேல்லதான் கேக்கும். எழுதினது எதுவோ அதைத்தான் வாசிக்கணும்."

"அப்ப மூணு மாசமா நான் படிச்சது?"

வைஷ்ணவி ரூல் நோட்டை மெல்ல மூடினாள். தான் என்ன தப்பு செய்தோம் என்பதே ஷீபாவுக்கு விளங்கவில்லை. கேட்கிறவர்களுக்குச் சத்தம்தானே கேட்கும்? சத்தம் சரியாகத்தானே இருந்தது? திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு முறை கேட்ட பிறகுதான் கீரனூர் என்று சொன்னாள்.

வீட்டில் வெற்றிசெல்வன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சரி, வேற பாட்ட எடுத்துக்க. பன்னெண்டு இருக்குன்ன இல்ல?" என்றான். எலக்ட்ரிக் கடைக்காரன், ஒரு பொருள் சரிப்படவில்லை என்றால் அடுத்ததை எடுத்துக் காட்டிப் பழகியவன். அவன் சொன்னது நியாயமாகப் பட்டது. வைஷ்ணவியும் ஒரு வால்ட்ஸைச் சொன்னாள், வெள்ளைக் கட்டை ஸ்கேல். ஷீபா ஒரு வாரம் அதோடு போராடினாள். அது வேகம், இடது கை அங்கிட்டும் இங்கிட்டும் குதிக்க வேண்டியிருந்தது. தேர்வுக்குள் அந்த வேகம் வராது என்று தெரிந்துபோயிற்று. தாலாட்டை எடுத்தாள், அதில் விரல் எட்டவில்லை. படகை இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தாள். "பேசாம நாக்டர்னுக்கே போயிருங்கக்கா," என்றாள் வைஷ்ணவி. மறுநாளே, "இல்லக்கா, வால்ட்ஸ மெதுவா வாசிச்சாக்கூடப் போதும்," என்றாள். அவளுக்கும் பயம், பாவம். இரண்டு குழப்பக்காரர்கள் போனில் பேசிக்கொண்டால் பேட்டரிதான் தீரும்.

மே ஏழாம் தேதி ஷீபா மறுபடி திருச்சிக்குப் போனாள். வேண்டாம், விட்டுவிடுகிறேன் என்று நேரில் சொல்லிவிட்டு வருவதுதான் திட்டம். வைஷ்ணவி உள்ளே காப்பி போடப் போயிருந்தாள். ஷீபா சும்மா உட்கார்ந்திருந்தவள், நாக்டர்னின் முதல் நான்கு அளவை, அதாவது நான்கு தாளக் கட்டத்தை, எழுதியிருந்தபடியே, கறுப்பில் தேடித் தேடி வைத்தாள். நீளமான மூன்று விரலும் தானாகக் கறுப்பின் மேல் போய் உட்கார்ந்தன, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் வெள்ளை மிச்சம் இருந்தது. வெள்ளையில் வாசித்தபோது மணிக்கட்டைத் தூக்கித் தூக்கிப் போட்ட இடத்தில் இப்போது கை நகரவே வேண்டியிருக்கவில்லை. காலால் பெடலை அமுக்கினாள். இடது கையின் நாலு ஸ்வரமும் ஒன்றோடொன்று கலந்து, அந்த மர அலமாரி முழுக்க அதிர்ந்தது. அதிர்வு அவள் முழங்கால் வரைக்கும் வந்தது. அடேயப்பா என்று வாய்விட்டுச் சொன்னாள். ஜெர்மன்காரர் மூட்டை சுமக்கவில்லை, வேண்டுமென்றேதான் இங்கே வைத்திருக்கிறார். ஐந்தாவது அளவில் கை பிசகிவிட்டது, அது வேறு விஷயம்.

காப்பி வந்தது. விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வந்தவள், "நாக்டர்னே வாசிக்கிறேன் மிஸ். கறுப்புலயே," என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று பஸ் ஏறிய பிறகு அவளுக்கே தெரியவில்லை.

பள்ளிக்கூடம் லீவு. தினமும் ஐந்து மணி நேரம் வாசித்தாள். வாரநாளில் பட்டன்மேல் பிளாஸ்திரி ஒட்டினாள், ஞாயிற்றுக்கிழமை கீபோர்டைச் சர்ச்சுக்குத் தூக்கிப் போகும்போது அதைப் பிய்த்தாள். போதகருக்குப் பட்டன் இல்லாமல் முடியாதே! ஒரு ஞாயிறு மட்டும் துணிந்து, போதகரின் பாட்டையே பட்டன் இல்லாமல் கறுப்பில் வாசித்துப் பார்த்தாள். இரண்டாவது சரணத்தில் அவள் ஒரு பக்கமும் சபை ஒரு பக்கமும் போனார்கள். ஆராதனை முடிந்து போதகர் வந்து, "என்னம்மா, காய்ச்சலா?" என்று நெற்றியைப் பார்த்தார். கை இப்போது இரண்டாகப் பிரிந்துவிட்டது. வெள்ளையில் வாசிக்கும்போது கறுப்பு ஞாபகம் வருகிறது, கறுப்பில் வாசிக்கும்போது வெள்ளை. ஒருநாள் தோசைக்கல்லின் முன்னால் நின்றுகொண்டு அழுதாள். வெற்றிசெல்வன் அடுப்பை அணைத்துவிட்டு, "போனாப் போகுது ஷீபா, வேல என்ன வேல," என்றான். "வேல போனா நீங்களா கீபோர்டு வாசிப்பீங்க?" என்று அவன்மேல் எரிந்து விழுந்தாள். அவன் என்ன செய்வான்!

தேர்வன்று மண்டபத்துக்குப் போனால், அங்கிருந்த பியானோவில் ஏதோ உடைந்து, அதை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். அதற்குப் பதிலாக நீளமான டிஜிட்டல் பியானோ ஒன்றைப் போட்டிருந்தார்கள். ஷீபாவின் கீபோர்டு கம்பெனியே. மேல் வரிசையில், அதே இடத்தில், அதே பட்டன்.

வைஷ்ணவி அவள் காதருகில் குனிந்தாள். "அதைப் பாக்காதீங்க. கறுப்புலயே வாசிங்க, கை பழகியிருச்சு. எது ஆனாலும் நடுவுல நிறுத்தாதீங்க, நிறுத்தினா மார்க் போயிரும். நாக்டர்னுக்கு முன்னாடி முதல் வரிய மனசுக்குள்ள ஒரு தடவ பாடிட்டு ஆரம்பிங்க." சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவோரம் நின்றுகொண்டாள்.

தேர்வாளர் சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள். தலையசைத்தார், அவ்வளவுதான். முதல் இரண்டு உருப்படியும் முடிந்தன. ஷீபா கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டாள். கண்ணை மூடி, வைஷ்ணவி சொன்னபடி, முதல் வரியை மனசுக்குள் பாடினாள். பாட்டு காதில் விழுந்தால் பதினைந்து வருஷமாக அந்த இடது கை என்ன செய்யுமோ அதைச் செய்தது. ஒன்று ஏற்றியது.

அவளுக்கு அது தெரியவே தெரியாது. கையைக் கறுப்பில் வைத்து ஆரம்பித்தாள். மூன்றாவது ஸ்வரத்திலேயே புரிந்துவிட்டது. அரை ஸ்வரம் மேலே நிற்கிறது. கறுப்பில் வாசித்தாலே அந்த ஸ்கேல் வந்துவிடும். அதற்கு மேல் பட்டனும் ஏற்றியிருக்கிறது. பட்டனை இறக்கக் கை காலியாக இல்லை. நிறுத்தவும் கூடாது. ஆண்டவரே என்று ஒரு அளவு முழுக்கத் தப்பான ஸ்கேலிலேயே போனாள். அடுத்த வரியின் தொடக்கத்தில், போதகர் நடுப்பாட்டில் சுருதி வழுக்கும்போது இவளும் கூடவே வழுக்குகிற மாதிரியே, இரண்டு கையும் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு இறங்கின. சத்தம் சரியான ஸ்கேலில் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் அந்தப் பழைய ரூல் நோட்டுப் பாடம்தான். தடங்கல் இல்லாமல் ஓடியது. தேர்வாளர் பேனாவை நிமிர்த்தி ஒரு தடவை அவள் கையைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் வைஷ்ணவி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா! ஓடிக்கிட்டு இருக்கும்போதே எப்படி ஸ்கேல எறக்குனீங்க? டிப்ளமோ வச்சிருக்கேன், நான் செத்தாலும் என்னால முடியாது. எனக்குச் சொல்லித் தாங்கக்கா."

ஷீபாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப ஒரு மாசமா என்னயக் கறுப்புல போட்டு எதுக்கு மிஸ் வாட்டுனீங்க?" என்று மண்டப வாசலிலேயே கத்தினாள். கத்திவிட்டு அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

ஜூலை முதல் வாரம் முடிவு வந்தது. பாஸ். அள்ளிக்கொண்டு போகும் பாஸ் இல்லை, ஆனால் பாஸ். மூன்றாவது உருப்படிக்குக் கீழே, தொடக்கத்தில் ஸ்கேல் தடுமாறியது, பிறகு பாடுவதுபோல் நிதானமாகச் சென்றது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கௌசல்யா மேடம் சர்டிபிகேட்டை இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கைகொடுத்தார். சர்ச்சில் ஸ்தோத்திரம் சொன்னார்கள். வெற்றிசெல்வன் கடையில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தான். ஷீபா எல்லோரிடமும் சிரித்தாள். ஆனால் 'நல்லா வாசிச்சியாமே' என்று யாராவது சொன்னால் மட்டும் முகம் தொங்கிவிடும். திருடியது போலவும் இருந்தது, திருடாதது போலவும் இருந்தது.

நிரந்தர ஆர்டர் கைக்கு வந்த வாரம், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முடியாததுமாக அவள் திருச்சி பஸ்ஸில் ஏறினாள். நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றவளைப் பார்த்து வைஷ்ணவிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னக்கா, ஏழாம் கிரேடா?"

"இல்ல மிஸ். அந்த நாக்டர்ன் இருக்குல்ல, அத மொத அளவுல இருந்து சொல்லித் தாங்க. இந்தப் பியானோவுலயே."

"அதான் பாஸாயிட்டீங்களே! இனிமே அது எதுக்கு?"

ஷீபா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் பாஸாயிட்டேன் மிஸ். அத இன்னும் வாசிக்கலையே."